பைரட்டில் நான் அத்தை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. கொழுந்தனும் அவர் பெண்சாதியும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும், அவர்களுடைய மூன்று பிள்ளைகளும் என் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். ஏழு பேரில் ஒருவரும் கெட்டுப்போகவில்லை. ஒருவரும் அடுத்த வீட்டில் போய்க் கை நீட்டவில்லை. இதை நான் எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என்னைக் கொழுந்து எடுக்க அனுப்பிவிட்டார்கள். அதனால் எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அவசரம் இல்லை. நான் மெல்ல எழுதுகிறேன், நீங்களும் மெல்லப் படிக்கலாம்.

பைரட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் பேத்தி ஒருநாள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒரு கண்ணில் கறுப்புத் துணி, தலையில் பெரிய தொப்பி, தோளில் கிளி.

"பாட்டி, இவன்தான் பைரட்."

"போடி. பைரட் இப்படி வந்து நின்னா ஒருத்தி ஏறுவாளா?"

"கடல்ல கப்பலை மடக்கிக் கொள்ளையடிக்கிறவன் பாட்டி. மலாய்ல லானுன்னு சொல்வாங்க. பரீட்சைக்கே வரும்."

"கடலே இல்லாத மலையில அவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். அவள் அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டாள். கடல் கொள்ளைக்காரனை எனக்குத் தெரியாதுதான். ஆனால் பைரட் என்றால் என்ன என்பது அவளைவிட எனக்குத் தெரியும்.

நான் கல்யாணம் ஆகி இந்த மலைக்கு வந்தபோது டவுனுக்குப் போக இரண்டே வழி. சம்பள ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லோரி போகும். மற்ற நாளில் பைரட். பைரட் என்பது ஒரு சீனருடைய கார். வாடகைக் கார் என்று அதில் எழுதியிருக்காது. தோட்டத்துக் கேட்டுக்குள் அதை விடமாட்டார்கள், துரை உத்தரவு. கீழே வளைவில், ஈயம் பூசின பாத்திரம் மாதிரி மங்கலாக நிற்கும். பனிமூட்டம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அவர் இருமுகிற சத்தத்தை வைத்துப் போய் ஏற வேண்டும். "பைரட் வந்துட்டானா?" என்போம். "பைரட்ல எடம் இருக்கா?" என்போம். காருக்கும் அதே பேர், ஆளுக்கும் அதே பேர். பஸ், லோரி, பைரட் என்று மூன்று வண்டி உலகத்தில் உண்டு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்தச் சொல்லில் ஒரு குற்றம் இருப்பதாக யாருக்கும் படவில்லை. மலாய்க்காரர்கள் அதைச் சாப்பு என்பார்கள். அப்படியென்றால் பெருக்குவது. ரோட்டோரம் நிற்கிறவர்களைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போகிற கார்.

அப்புறம் அந்தச் சொல் காரிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தது. பாட்டுக் கேசட் வந்தது, பைரட் கேசட் என்றார்கள். பசார் மாலாமில், அதாவது ராத்திரிச் சந்தையில், படம் போட்ட சிடி விற்றார்கள், பைரட் சிடி என்றார்கள். தியேட்டரில் திருட்டாகப் பிடித்ததாம், அதைப் போட்டால் கதாநாயகன் அழுகிற இடத்தில் குறுக்கே ஒருத்தர் எழுந்து கக்கூசுக்குப் போவார். அவர் திரும்பி வந்து உட்காரும் வரைக்கும் நாங்கள் காத்திருப்போம். இப்போது டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, என் மருமகன் வாங்கி வைத்தது, அதுவும் பைரட்தானாம். எனக்கு விளங்கின மட்டும் சொல்கிறேன். நேர் வழியில் இந்த மலைக்கு ஏறி வராதது எதுவோ, அது குறுக்கு வழியில் வந்து சேர்ந்தால் அதன் பேர் பைரட்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

சர்க்கரை என் இரண்டு கிட்னியையும் தின்றுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மெஷினோடு கட்டிப்போட்டு ரத்தத்தைக் கழுவுகிறார்கள். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது தடவையைப் பற்றி நர்ஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இருப்பது சின்ன மகள் வீட்டில். அவள் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்வதால் இந்த லயத்து வீடு எங்களிடம் இருக்கிறது. அவளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பஸ் மேலே வராது. கைப்பேசியில் கூப்பிட்டால் வருகிற காரைப் பேத்தி ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தாள். எங்கள் லயத்தில் லைன் கிடைக்காது. கிடைக்கிற மேட்டுக்கு என்னால் ஏற முடியாது. அந்தக் காரும் யாரோ ஒருவருடைய சொந்தக் கார்தானாம், காசு கொடுத்து ஏறுவதுதானாம். அதற்கு மட்டும் அனுமதி உண்டாம். ஐம்பது வருஷமாக நாங்கள் செய்ததை இப்போது சர்க்காரே ஒத்துக்கொண்டதில் சந்தோஷம்.

மிச்சம் இருந்தது பைரட் வேன் ஒன்றுதான்.

கிள்ளானில் இருக்கிற மூத்த மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "வேன் ஓடுற வரைக்கும் அங்க இருங்கம்மா. நின்னுச்சுன்னா அன்னிக்கே வந்து கூட்டிட்டு வந்துருவேன். இங்க மெஷின் வீட்டுப் பக்கத்துலயே இருக்கு." நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வீடு பதினாலாவது மாடி. ஒரு தடவை போய் ஒரு மாசம் இருந்தேன். கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கதவு, அதற்குப் பூட்டு. அவர்கள் வேலைக்குப் போகும்போது என் நல்லதுக்குத்தான் பூட்டிவிட்டுப் போவார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்வீட்டுக் கம்பியைப் பார்ப்பேன். அந்தப் பக்கம் இன்னொரு கிழவி நின்று என்னைப் பார்ப்பாள். பேசிக்கொள்ளவும் பாஷை கிடையாது. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். இங்கேயும் மலை, சரிவு, பனி, மெஷின்தான். ஆனால் கதவு என் கையில் இருக்கிறது. அதனால் அந்த வேன் நிற்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேன்காரன் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற துலுக்கக் குடும்பத்துப் பிள்ளை. பிள்ளை என்றால் ஐம்பது வயது ஆகப்போகிறது. நம்ம தமிழ்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவான். கோலா தெர்லாவில் தொடங்கி, திரிங்காப்பில் இரண்டு பேரை ஏற்றி, எங்கள் தோட்டத்துச் சந்தியில் என்னை ஏற்றிக்கொள்வான். ஏறும்போதே ஆளுக்கொரு முறை சொல்லிவிடுவான். ரோட்டில் ஆபிசர்கள் நிறுத்தினால், இது வாடகை வண்டி இல்லை, எல்லாரும் குடும்பம் என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துச் சீனருக்கு இந்தத் தொல்லை கிடையாது, எங்களை மாமா அத்தை என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்? தமிழ் ஆள் பைரட் ஓட்ட வந்தபிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. ஒருத்தி அக்கா, ஒருத்தி சித்தி, திரிங்காப்பில் ஏறுகிற பூத்தோட்டத்துக்காரர் மாமா. முதல் நாள் என் முறைக்கு வந்தான்.

"அக்கா, நீங்க அம்மா லா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எனக்குப் பிள்ளைங்க ஏழு பேர் இருக்காங்க. வேற ஆளைப் பாரு."

"ஒரு பேச்சுக்குத்தானே அக்கா."

"பேச்சுக்கு எதை வேணும்னாலும் சொல்வேன், இதைச் சொல்ல மாட்டேன். அத்தைன்னு வச்சுக்க."

பின்னால் இருந்து சித்தி சிரித்தாள். "அத்தைன்னா மகளைக் கட்டிக் கொடுக்கணும், பாட்டி."

"கட்டிக் கொடுக்கலாம். அவன் பொண்டாட்டிகிட்ட நீ போய்க் கேட்டுட்டு வா" என்றேன். வேன் குலுங்கியது. அன்றிலிருந்து நான் அத்தை.

மெஷின் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்காரம்மா. என் வயசுதான் இருக்கும். வெள்ளை முக்காடு, சுத்தமான நகம். எனக்கு மலாய் வரும், அவருக்கும் கொஞ்சம் தமிழ் காதில் விழுந்து பழக்கம். மகன் சர்க்கார் வேலை, அவன்தான் காரில் கொண்டுவந்து விடுவான் என்று சொல்லியிருந்தார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மெஷினில் கிடக்கும்போது எல்லாரும் பிள்ளைகளைப் பற்றிப் பெரிதாகத்தான் பேசுவார்கள். நானும் குறைத்துப் பேசுகிறவள் இல்லை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் மலையையே அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னாலும் நகராது, பின்னாலும் நகராது, இறங்கி நடக்கவும் என் காலுக்கு முடியாது. எப்படியோ ஊர்ந்து பிரிஞ்சாங்கைத் தாண்டி இறங்கினோம். வளைவு திரும்பினால் ரோட்பிளாக். ஓர் ஆபிசர் கையைக் காட்டி வேனை ஓரம் கட்டச் சொன்னார்.

"எல்லாரும் குடும்பம், துவான்" என்றான் எங்கள் ஆள், ஜன்னலை இறக்கின உடனே. கேட்பதற்கு முன்னால் சொன்னதே தப்பு.

ஆபிசர் அவனுடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, வாங்கிப் பார்த்தார். அப்புறம் உள்ளே குனிந்து எங்கள் நெற்றிகளைப் பார்த்தார். அக்கா நெற்றியில் குங்குமம். சித்தி நெற்றியில் ஒட்டுப் பொட்டு, மேலே சந்தனம். மாமா அன்றைக்கு விரதம், நெற்றி முழுக்கப் பட்டைத் திருநீறு. என் நெற்றியைச் சொல்லவே வேண்டாம். ஐசியிலோ அவன் பெயரும், கீழே இஸ்லாம் என்றும் அச்சுப் போட்டிருக்கிறது.

இத்தனை நாள் முறை சொல்லிப் பழகினோமே, ஒருத்தருக்காவது இது தோன்றியதா? தோன்றவில்லை. இந்த மலையில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் மாமா அத்தை என்று போவோம், எங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்கள் மச்சான் சித்தப்பா என்று வருவார்கள். வாய் அப்படியே பழகிவிட்டது. ஐசி என்று ஒன்று அவன் பையில் இருப்பதை எல்லாரும் மறந்துபோனோம்.

ஆபிசர் ஒவ்வொருவராகக் கேட்டார். அக்கா, "காக்கா" என்றாள், மலாயில் அக்காவுக்கு அதுதான் பேர். "கூடப் பிறந்த காக்காவா?" என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மாமாவுக்குத் திருநீறே வேர்த்தது. வண்டியைக் கொண்டுபோவதற்கு ஆபிசர் யாரையோ கூப்பிடத் திரும்பினார். எனக்குக் கண்ணுக்கு முன்னால் அந்த இரும்புக் கதவு வந்து நின்றது.

"பாட்டி, இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று மலாயில் கடைசியாக என்னைக் கேட்டார்.

"அனாக் சூசு" என்றேன்.

பால் கொடுத்த பிள்ளை. எப்படி அது என் வாயில் வந்தது என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் காலத்தில் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவோம். பால் கட்டினால் யார் முதலில் கீழே இறங்கி வருகிறாளோ அவள், அழுகிற பிள்ளை யாருடையது என்று பார்க்க மாட்டாள், எடுத்து வைத்துக் கொடுத்துவிடுவாள். அப்படி என்னிடம் குடித்த பிள்ளைகள் எத்தனையோ. ஆனால் இவன் டவுன் பிள்ளை. ஆயாக் கொட்டகையை அவன் பார்த்ததே கிடையாது.

ஆபிசர் முகம் மாறிவிட்டது. அவர்கள் மார்க்கத்தில் அது பெரிய விஷயம். பால் குடித்தால் கொடுத்தவள் தாய், பிறகு அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஐசியைத் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைத் தொட்டு எனக்குத் தலை குனிந்தார். "அம்மாவைப் பத்திரமாகக் கூட்டிப் போ" என்று அவனிடம் சொன்னார்.

அடுத்த வளைவு தாண்டும் வரைக்கும் மாமா திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு சித்தி சொன்னாள், "அத்தைக்குப் பிரமோஷன்."

நான் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை மெஷினில் ஊசி குத்திப் படுக்க வைத்ததும் பக்கத்து நாற்காலி அம்மா என் பக்கம் தலையைத் திருப்பினார். கண்ணில் தண்ணீர். "என் மகன் சொன்னான். வேன்ல வந்த பாட்டி கையில என்னை மாதிரியே ஊசித் தழும்பாம், நீங்கதானாமே" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் மகன் பார்க்கிற சர்க்கார் வேலை எதுவென்று. என் கையில் ஊசி, அவர் கையில் ஊசி. எழுந்து ஓடவும் முடியாது. அரை நாள் முழுக்க அந்தம்மா நர்ஸுக்கும் எதிர் வரிசைக்கும் என் பாலின் கதையைச் சொன்னார். நான் கண்ணை மூடித் தூங்குவது போலக் கிடந்தேன். குழாயில் என் ரத்தம் போய்ப் போய் வந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நர்ஸ் பிரிஞ்சாங்கில் ரொட்டி வாங்குவது வேன்காரன் அம்மா கடையில்தான்.

ஒரு மழை நாளில் வேன் எங்கள் லயத்து வாசலுக்கே வந்து நின்றது. வேன்காரன் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றான். உள்ளே இருந்து அவன் அம்மா இறங்கினார். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவர், குடை பிடிக்கவில்லை, முக்காடு நனைந்திருந்தது.

"நீங்கதானே என் மகனுக்குப் பால் கொடுத்தது?"

"மழையில நிக்காதீங்க, உள்ள வாங்க."

"வந்தேன். இப்பச் சொல்லுங்க. எப்பக் கொடுத்தீங்க? அந்நேரம் நான் எங்க போயிருந்தேன்?"

"உக்காருங்க, டீ போடறேன்."

"டீ குடிக்க வரலை. ரெண்டு வயசு முடியுற வரைக்கும் எங்கிட்டக் குடிச்சான் அவன். பல்லு மொளச்சு கடிச்சான், அப்பவும் கொடுத்தேன். இப்ப ரொட்டி வாங்க வர்ற சின்னப் பொண்ணுங்க எல்லாம் என் மாரைப் பாக்குதுங்க. இந்தம்மாவுக்குப் பால் பத்தலையாம்னு. இந்த வயசுல இது எனக்குத் தேவையா?"

அவர் சொன்னது சரி. என்னைப் பற்றி எவளாவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் மழையையா பார்த்திருப்பேன்?

"வண்டியைக் கொண்டுபோகப் பாத்தாங்க. வாயில வந்துருச்சு" என்றேன்.

"போயி அந்த மலாய்க்காரம்மாகிட்ட இல்லைன்னு சொல்லுங்க."

"சொன்னா ஆபிசர் வண்டியை எடுத்துருவாரு. உங்க மகனுக்கு அதுதான் சோறு. எனக்கு அதுதான் மூச்சு."

அந்தம்மா வாசல் பக்கம் திரும்பினார். வெளியே அவர் மகன் ஈரத் துணியால் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டே இருக்கிறது, அவன் துடைத்துக்கொண்டே இருக்கிறான். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவரும் என் மாதிரிதான் அகப்பட்டுக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் மகன் பிழைப்புப் போகும். சொல்லாவிட்டால் தாய் என்ற பேர் போகும்.

கடைசியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எங்க மார்க்கத்துல ஒரு கணக்கு உண்டு. அஞ்சு தடவை வயிறு நிறையக் குடிச்சாத்தான் அவ தாய். அதுக்குக் கீழ இருந்தா பசி ஆத்துன புண்ணியம் மட்டும்தான். நீங்க நாலு தடவைன்னு சொல்லிருங்க."

"நாலா?"

"நாலு. எனக்குக் காய்ச்சலா இருந்துச்சு, ரொட்டி வாங்க வந்த நீங்க பாத்துப் பாவப்பட்டுக் கொடுத்தீங்க. அம்புட்டுதான். கொடுத்தது உண்மைன்னு இருந்தா ஆபிசரும் வண்டியைத் தொட மாட்டாரு."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொடுக்கிறதுன்னு இறங்கினா நாலோட நிறுத்துற ஆளா நானு? ஆயாக் கொட்டகையில கேட்டுப் பாருங்க."

"அக்கா!" என்றார் அந்தம்மா. "கொடுக்கவே இல்லை நீங்க!"

அது உண்மைதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான், அடித்துக்கொள்கிறோமோ என்று பயந்துவிட்டான் போல. நான் நாலுக்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"நாலும் பொய்தானே அக்கா. நம்ம ரெண்டு பேரும் போனப்புறம் இந்தப் பொய் மட்டும் ஊர்ல நிக்கும். உங்களுக்கு எழுத வருமா?"

"மூணாங் கிளாஸ்."

"போதும். நீங்க கொடுக்கலைன்னு தமிழ்ல எழுதி வைங்க. அந்த மலாய்க்காரம்மாவுக்கும் அவங்க மகனுக்கும் தமிழ் படிக்க வராது. என் பேரப்பிள்ளைங்களுக்கு வரும்."

அடுத்த தடவை மெஷினில் நானே பேச்சை எடுத்தேன். காய்ச்சல், ரொட்டிக் கடை, பாவம் என்று எல்லாம் சொன்னேன். மலாய்க்காரம்மா கவனமாகக் கேட்டார்.

"எத்தனை தடவை?"

"எம்பாட்" என்றேன். நாலு.

ஊசி இல்லாத கையில் ஒவ்வொரு விரலாக மடக்கினார். கட்டைவிரல் மடங்காமல் நின்றது. அதையே பார்த்தார். "லீமா, அஞ்சு வேணும். நாலுன்னா பிள்ளை ஆகாது."

"ஆகாது" என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தார். நானும் கூரையைப் பார்த்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகனிடம் சொல்வார். நாளைக்கே வேன் போய்விடும். மூத்தவன் கிள்ளானிலிருந்து வந்து என் துணிகளைப் பையில் எடுத்து வைப்பான். மெஷின் ஒரே மாதிரி இரைந்துகொண்டிருந்தது. என் ரத்தத்தை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று அதுதான் முடிவு செய்யும். அதுவரைக்கும் அவரும் நகர முடியாது, நானும் நகர முடியாது. ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் கிடப்பதற்கு அதைவிட மோசமான இடம் நான் பார்த்ததில்லை.

நர்ஸ் வந்து குழாயைக் கழற்றும் நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"அந்த வேன் திரும்பிப் போறப்போ பிரிஞ்சாங் வழியாத்தானே போகும்?"

"ஆமாம்."

"என் மகனுக்கு டூட்டி இருக்கிற நாள்ல நான் இந்தப் பெஞ்சில இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கேன். ரோட்டுல எல்லார் வண்டியையும் நிறுத்துறான். இங்க என்னை நிறுத்தி வைக்கிறான். ஜன்னலோரம் எடம் இருக்குமா?"

வெளியே அவரைக் கைத்தாங்கலாக நான் கூட்டி வந்ததைப் பார்த்ததும் வேன்காரனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா, ஆபிசர் அம்மா அவங்க! என்னைக் கொல்லத்தான் பாக்குறீங்க."

"உன்னைக் கொன்னுட்டு நான் எதுல வீட்டுக்குப் போறது? கதவைத் திற."

"இவங்களுக்கு என்ன முறை சொல்றது?"

நான் மலாயில் சொல்லி விளக்கினேன், இந்த வண்டியில் ஏறினால் ஒரு முறை வைத்துக்கொள்ள வேண்டும் என்று. அந்தம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு யோசித்தார். அவனுடைய முகத்தைப் பார்த்தார், அவன் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார். "நான் அத்தை" என்றார். வேன் முழுக்க எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்வது? அவனுடைய ஐசிக்குப் பொருந்துகிற ஒரே அத்தை அவர்தான். விட்டுக்கொடுத்தேன். இப்போது எனக்கு அந்த வண்டியில் என்ன முறை என்று எனக்கே தெரியாது.

நாலு என்ற கணக்கையும் வேனில் வருவதையும் மகனிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூட்டி வந்தார் என்று சொல்லிவைத்திருக்கிறார். அதனால் பிரிஞ்சாங் வளைவு வரும்போது அவரும் குனிந்துகொள்கிறார், நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த ஆபிசரை நாங்கள் இன்னும் வழியில் சந்திக்கவில்லை. நாளைக்குச் சந்திக்கலாம். சந்திக்கிற நாளில் அவர் வண்டியைப் பார்ப்பாரா, அம்மாவைப் பார்ப்பாரா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நான் என் வீட்டில் இருக்கிறேன்.

பேத்தி காட்டின படத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கொள்ளைக்காரன் என்றால் யாரிடமிருந்தாவது எதையாவது எடுத்திருக்க வேண்டும். எங்கள் வேன்காரன் யாரிடமிருந்து எதை எடுத்தான்? வராத பஸ்ஸின் பயணிகளை எடுத்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த வேனில் உண்மையிலேயே எடுத்தவள் நான்தான். ஒரு தாயிடமிருந்து நாலு வேளைப் பாலை எடுத்துக்கொண்டு இன்னும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

வேன்காரனுடைய அம்மா ஒரு வரி எழுதினால் போதும் என்றுதான் சொன்னார். ஒரு வரியைத் தனியாக எழுதினால் படிக்கிறவருக்கு என்ன விளங்கும்? அதனால் முதலிலிருந்து எழுதினேன். அந்த வரியையும் எழுதிவிடுகிறேன். வேன்காரன் அவனைப் பெற்ற தாயிடம்தான் பால் குடித்தான். ரெண்டு வயது முடிகிற வரைக்கும் குடித்தான். நான் அவனுக்கு நாலு தடவையும் கொடுக்கவில்லை, ஒரு தடவையும் கொடுக்கவில்லை.

அந்தம்மா இன்றைக்குக் கடையை மருமகளிடம் விட்டுவிட்டு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன எழுதினேன் என்று காதால் கேட்டால்தான் நம்புவாராம். இந்தா பாப்பா, கைப்பேசியைக் கீழே வை. இதை வாங்கி முதலிலிருந்து படி. கடைசிப் பக்கம் வரும்போது இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படி, அவருக்குக் காது மந்தம்.